செல்போனும் கம்பெனிப் பஞ்சாங்கமும்

நம் நாட்டில் இருக்கின்ற பண்டிகைகள் போதாதென்று, சென்ற பத்துப் பதினைந்து வருஷங்களாய்ப் புதிதாக ஒரு பண்டிகையும் வந்து புகுந்து கொண்டிருக்கிறது. இந்தப் பண்டிகைக்கு நாள் குறிப்பவன் புரோகிதன் அல்ல, செல்போன் கம்பெனிக்காரன். ஒரு கம்பெனிக்கு வருஷத் தொடக்கத்தில் உற்சவம். மற்றொரு கம்பெனிக்குச் செப்டம்பர் மாதத்தில் உற்சவம். இவ்விரண்டிலும் அகப்படாமல் தப்பித்துக் கொண்டவர்களைப் பிடிப்பதற்கு நவராத்திரிக்கும் தீபாவளிக்கும் நடுவில் “மாபெரும் தள்ளுபடி” என்னும் கடைசி உற்சவம். உற்சவமூர்த்தி மேடைக்கு வந்தவுடன், நேற்று வரையில் ஒரு குறையுமில்லாமல் பேசிக்கொண்டும், எழுதிக்கொண்டும், படம் பிடித்துக்கொண்டும் இருந்த நம் கையிலுள்ள போன் அன்றைக்கே பழசாகி விடுகிறது. போனில் ஒரு திருகாணிகூடக் கழன்றிருக்காது. கழன்றது நம் புத்திதான்.

இந்த வேடிக்கையைக் காண வெகுதூரம் போக வேண்டியதில்லை. காலை 9 மணிக்குக் கிண்டி ரயில் ஸ்டேஷன் வாசலில் நின்றால் போதும். மின்சார ரயிலிலும், மெட்ரோவிலும், பஸ்ஸிலும் வந்திறங்கித் தொழிற்பேட்டைக்குள் போகின்ற ஆயிரக்கணக்கான தோழர்களில் கையில் போனில்லாதவரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். 1958இல் திறக்கப்பட்ட அந்தத் தொழிற்பேட்டையில் இன்று லேத் பட்டறையும் உண்டு. கண்ணாடிக் கட்டிடத்தில் கம்ப்யூட்டர் வேலை நடக்கும் ஆபீசும் உண்டு. இவ்விரு இடத்துத் தோழர்களும் சம்பளத்தில் ஏணி வைத்தாலும் எட்டாத தூரத்தில் இருப்பவர்கள். ஆனால் டீக்கடைப் பேச்சில் மாத்திரம் இருவருக்கும் ஒரே கேள்விதான்: “அண்ணே, இன்னும் அதே போனா? எப்ப மாத்தப் போறீங்க?” இந்தக் கேள்வியின் யோக்கியதையைத்தான் நாம் இவ்வாரம் விசாரிக்கப் போகின்றோம்.

முதலாவதாக ஒன்று சொல்லி விடுகின்றோம். நாம் போனுக்கு விரோதி அல்ல. போன் இன்று ஆடம்பரமும் அல்ல. கூலி வருவதும், வாடகை போவதும், பாங்கியின் ரகசிய எண் வருவதும், பிள்ளையின் பள்ளிக்கூடச் சேதி வருவதும் அதிலேதான். 1995 ஜூலை 31ந்தேதி இந்நாட்டில் முதல் செல்போன் பேச்சு கல்கத்தாவுக்கும் டில்லிக்கும் நடந்தபோது ஒரு முதல் மந்திரியும் ஒரு மத்திய மந்திரியும் பேசிக்கொண்டார்கள். இன்று பூ விற்கும் அம்மாவும் கூடையின் ஓரத்தில் கட்டம் போட்ட அட்டையை மாட்டி வைத்து யு.பி.ஐ.யில் பணம் வாங்குகிறார். பெரிய மனிதரிடம் இருந்த ஒரு சாதனம் ஏழையின் கைக்கு வந்ததை நாம் வரவேற்கின்றோமே யொழிய ஒருநாளும் குறை கூற மாட்டோம். நம்முடைய கேள்வி, அந்தச் சாதனத்தை எப்பொழுது மாற்றுவது என்பதைத் தீர்மானிக்கிறவன் நாமா, கம்பெனிக்காரனா என்பதுதான்.

லேத்தில் வேலை செய்கின்ற தோழரையே எடுத்துக் கொள்ளுவோம். அவருடைய லேத் அவருக்கு முன்னே அந்தப் பட்டறைக்கு வந்ததாக இருக்கும். அதில் பூட்டும் வெட்டுக் கருவியை அவர் எப்பொழுது மாற்றுகிறார்? முனை மழுங்கினால் மாற்றுகிறார். சாணை பிடித்தால் இன்னும் கொஞ்ச நாள் ஓடுமா என்று பார்த்து மாற்றுகிறார். “பக்கத்துப் பட்டறையில் புது மாடல் வந்து விட்டது, ஆகையால் என்னுடையது மழுங்கி விட்டது” என்று அவர் ஒருநாளும் சொல்ல மாட்டார். சொன்னால் முதலாளி சிரிப்பார். ஆனால் அதே தோழர் சாயங்காலம் கையைக் கழுவிவிட்டுப் போனை எடுத்தவுடன் அந்த அறிவையெல்லாம் பட்டறையிலேயே பூட்டி வைத்துவிட்டு வெளியே வந்து விடுகிறார். ஆயுத பூஜை தினத்தில் லேத்துக்கு வைக்கும் சந்தனம் குங்குமத்தில் ஒரு பொட்டைப் போனுக்கும் வைக்கிறார். அட்சய திருதியையில் வாங்கினால் பெருகும் என்கிறார். தள்ளுபடி ராத்திரி 12 மணிக்குத் திறக்கிறதென்று கண் விழித்துக் காத்திருக்கிறார். ஒரே மனிதனுக்குப் பகலில் ஓர் அறிவும் ராத்திரியில் ஓர் அறிவும் இருக்க நியாயமென்ன என்று கேட்கின்றோம்.

இந்த இடத்தில் சில நண்பர்கள் நம்மையே மடக்கப் பார்ப்பார்கள். “நீங்கள்தானே பழையதையெல்லாம் ஒழியுங்கள் என்கிறவர்கள்? இப்பொழுது பழைய போனைக் கட்டிக்கொண்டு அழச் சொல்லுகிறீர்களே?” என்பார்கள். நாம் எந்தக் காலத்தில் பழையது என்ற ஒரே காரணத்திற்காக ஒன்றை ஒழிக்கச் சொன்னோம்? பிரயோஜனமில்லாததையும் கெடுதி செய்வதையும் ஒழிக்கச் சொன்னோம். பழையது என்பதற்காகவே ஒன்றைப் போற்றுவது எப்படி மூடத்தனமோ அப்படியே புதியது என்பதற்காகவே ஒன்றைப் போற்றுவதும் மூடத்தனம்தான். தாத்தா சொன்னார் என்று செய்கிறவனுக்கும் விளம்பரம் சொல்லிற்று என்று செய்கிறவனுக்கும் என்ன வித்தியாசம்? இருவரும் தங்கள் புத்தியை வேறொருவனிடம் அடகு வைத்தவர்களே. தாத்தாவுக்காவது அதில் லாபமில்லை. விளம்பரக்காரனுக்கு லாபம் இருக்கிறது.

நிற்க, பண்டத்தை வேண்டுமென்றே சீக்கிரம் பழசாக்குகின்ற வித்தை இன்று நேற்று வந்ததல்ல. 1924ஆம் வருஷத்திலேயே உலகத்தில் பெரிய மின்சார விளக்குக் கம்பெனிகள் பல ஜினீவாவில் கூடி ஒரு கூட்டு ஏற்படுத்திக்கொண்டு, பல்பு 1,000 மணி நேரத்துக்கு மேல் எரியக் கூடாதென்று கட்டுப்பாடு செய்துகொண்டன. அதைவிட அதிக நேரம் எரியும் பல்பைச் செய்த கம்பெனிக்குக் கூட்டில் அபராதம்! நன்றாக உழைக்கும் சாமானைச் செய்தவனுக்குத் தண்டனை என்றால், வியாபார தர்மத்தின் லட்சணம் எப்படிப்பட்டது என்பதை வாசகர்களே தெரிந்து கொள்ளட்டும்.

செல்போன் விஷயத்திற்கு வருவோம். பழைய ஐபோன்களில் பாட்டரி தேய்ந்து போனால் போனின் வேகத்தைத் தாங்களே குறைத்து வந்ததாக 2017 டிசம்பரில் ஆப்பிள் கம்பெனி ஒப்புக்கொண்டது. போன் திடீரென்று அணைந்து போகாமலிருக்கத்தான் அப்படிச் செய்தோம் என்பது அவர்கள் சமாதானம். அந்தச் சமாதானத்தை அப்படியே ஏற்றுக்கொண்டாலும், அதைப் போன் வைத்திருந்தவனிடம் முன்னமே சொல்லாதது ஏன்? சொல்லியிருந்தால் அவன் பாட்டரியை மாற்றியிருப்பான். சொல்லாததால் அநேகர் போன் தளர்ந்து விட்டதென்று நினைத்துப் புதுப் போனுக்குப் போனார்கள். விஷயம் வெளியானதும் அமெரிக்காவில் 79 டாலராக இருந்த பாட்டரி மாற்றும் கட்டணம் 29 டாலராக இறங்கிற்று. 2020 பிப்ரவரியில் பிரான்சு சர்க்கார் இலாகா இரண்டரைக் கோடி யூரோ அபராதம் போட்டது. அமெரிக்காவில் வழக்குப் போட்டவர்களுக்கு 50 கோடி டாலர் வரையில் கொடுக்க அதே வருஷத்தில் ராஜி ஏற்பட்டது.

இதைக் கேட்டவுடன் மற்ற மார்க்குக்காரர்கள் கை தட்ட வேண்டியதில்லை. 2018 அக்டோபரில் இத்தாலி தேசத்தில், புதிய அப்டேட்டை ஏற்றச் சொல்லிப் பழைய போன்களைத் தளர்த்தி விட்டதற்காக ஆப்பிளுக்கு 1 கோடி யூரோவும் சாம்சங்குக்கு 50 லட்சம் யூரோவும் அபராதம் விதிக்கப்பட்டது. ஆகவே எந்த மார்க்கும் நமக்கு மாமன் மச்சான் அல்ல.

ஆனால் நம் ஜனங்கள் மார்க்கை மாமன் மச்சானாக மாத்திரமல்ல, ஜாதியாகவே ஆக்கிக்கொண்டு விட்டார்கள். இன்ன மார்க்குப் போன் வைத்திருப்பவன் உயர்ந்தவன், இன்ன மார்க்குக்காரன் மட்டம் என்கிற பேச்சு கல்லூரி வாசலிலும் கல்யாண வீட்டிலும் காதில் விழுகிறது. முதுகிலுள்ள சின்னம் தெரியும்படியாகப் போனைப் பிடித்துக்கொண்டு படம் எடுப்பதற்கும், நெற்றியிலுள்ள சின்னம் தெரியும்படியாக நடப்பதற்கும் அதிக வித்தியாசம் நமக்குத் தெரியவில்லை. ஜாதியாவது பிறப்பில் வந்ததென்று ஒரு பொய்யைச் சொல்லுகிறார்கள். இந்த ஜாதியைக் காசு கொடுத்தல்லவா வாங்குகிறார்கள்! அதுவும் கடன் வாங்கிய காசு!

இந்த மார்க்குப் பக்தி எவ்வளவு தூரம் நிலையற்றது என்பதற்குக் கிண்டியிலிருந்து பூந்தமல்லி வழியாகப் பஸ் ஏறினால் சாட்சி கிடைக்கும். ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா கம்பெனி 2006இல் போன் செய்ய ஆரம்பித்தது. அந்தக் காலத்தில் இந்நாட்டில் செல்போன் என்றாலே நோக்கியா. “கல்லைப் போல் உழைக்கும்” என்று சத்தியம் செய்யாத ஆளில்லை. தொடுதிரைப் போன்கள் வந்தன, ஜனங்கள் மாறினார்கள், 2014 நவம்பர் 1ந்தேதி அந்தத் தொழிற்சாலை உற்பத்தியை நிறுத்திவிட்டது. வரித் தகராறு ஒருபுறமும், போன் வியாபாரம் மைக்ரோசாப்டுக்குக் கைமாறினபோது இந்தத் தொழிற்சாலை மாத்திரம் விடுபட்டது மற்றொரு புறமுமாக, ஆயிரக்கணக்கான நம் பிள்ளைகள் வேலை இழந்தார்கள். மார்க்கின் பேரில் பக்தி வைத்திருந்த லட்சக்கணக்கானவர்களில் எவரும் அந்தப் பிள்ளைகளுக்காக ஒரு நாள் போனை அணைத்து வைக்கவில்லை. இன்று அதே ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் வட்டாரத்தில் ஐபோன் செய்யப்படுகிறது. செய்கிறவர்களில் பெரும்பாலோர் நம் கிராமத்து இளம்பெண்கள். அமெரிக்காவிலிருந்து இறங்கி வந்த தெய்வீகப் பொருளென்று நாம் கன்னத்தில் போட்டுக் கொள்ளுவதை நம் தங்கைதான் நின்றுகொண்டு பூட்டிக் கொடுக்கிறாள். அவளுடைய ஒரு மாதச் சம்பளம் முழுவதையும் கொடுத்தாலும் அதில் ஒன்றை அவளால் வாங்க முடியாது. பெருமைப்பட வேண்டுமானால் அவளுடைய கையைப் பற்றிப் பெருமைப்படுங்கள். முதுகிலுள்ள சின்னத்தைப் பற்றியல்ல.

சரி, ஒரு மார்க்கு பிடிக்கவில்லை, வேறு மார்க்குக்குப் போகலாமென்றால் அதுவாவது சுலபமா? இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. வீட்டுக்குள் வர வாசல் பெரிது. வெளியே போக வாசல் சிறிது. ஆண்ட்ராய்டு போனில் காசு கொடுத்து வாங்கிய ஆப்பு ஐபோனுக்கு வராது; ஐபோனில் வாங்கினது இங்கே வராது. ஆப்பிள் கைக்கடிகாரம் ஐபோன் இல்லாவிட்டால் வேலை செய்யாது. வாட்ஸ்அப்பில் உள்ள பேச்சுக்களை ஐபோனிலிருந்து ஆண்ட்ராய்டுக்குக் கொண்டுபோக 2021 வரையிலும், ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்குக் கொண்டுபோக 2022 வரையிலும் கம்பெனி ஏற்படுத்திய நேர் வழியே கிடையாது. செத்துப்போன தகப்பனாரின் கடைசிக் குரல் பதிவு பழைய போனில் இருக்கிறதென்பதற்காகவே மார்க்கு மாறாமல் உட்கார்ந்திருந்தவர்களை நாம் அறிவோம். இது அன்பா, சிறையா? இப்படிச் சுவர் எழுப்பிப் போட்டியை ஒழிக்கிறார்கள் என்று 2024 மார்ச்சில் அமெரிக்க சர்க்காரே ஆப்பிளின் பேரில் வழக்குத் தொடுத்தது. கம்பெனி குற்றத்தை மறுத்து, வழக்கைத் தள்ளிவிடக் கேட்டுக்கொண்டது. 2025 ஜூனில் கோர்ட்டு அதற்குச் சம்மதிக்கவில்லை.

சுவர் இயற்கையானதல்ல, சட்டம் வந்தால் இடியும் என்பதற்கு நம் நாட்டிலேயே அத்தாட்சி உண்டு. ஒரு காலத்தில் சிம் கம்பெனியை மாற்றினால் நம்பரை இழக்க வேண்டும். பத்து வருஷமாக ஊரெல்லாம் கொடுத்து வைத்த நம்பர் போய்விடுமே என்று பயந்து, சரியாகக் கேட்காத லைனுக்கும் ஜனங்கள் பணம் கட்டி வந்தார்கள். 2011 ஜனவரி 20ந்தேதி முதல் தேசம் முழுவதும் நம்பரை வைத்துக்கொண்டே கம்பெனியை மாற்றலாமென்று ஆயிற்று. வானம் இடிந்து விழுந்ததா? இல்லை. அப்படியே ஐரோப்பாவில் எல்லாப் போனுக்கும் ஒரே மாதிரி சார்ஜர் முனை வேண்டுமென்று சட்டம் செய்தார்கள். அது 2024 டிசம்பர் 28 முதல் அமுலுக்கு வந்தது. தன் முனைதான் உயர்ந்தது என்று வாதாடி வந்த ஆப்பிள் கம்பெனி 2023லேயே முனையை மாற்றிக்கொண்டது. சட்டத்தின் முன்னே சின்னமும் பணிந்தது.

அடுத்தபடியாகத் தவணைச் சங்கதி. “வட்டியே இல்லை, மாதம் இவ்வளவு கட்டினால் போதும்” என்பதுதான் இன்றைக்குப் பெரிய மந்திரம். வட்டியில்லாமல் கடன் கொடுக்கிற தர்மப்பிரபு எந்த ஊரில் இருக்கிறான்? 2013 செப்டம்பரில் ரிசர்வ் பாங்கியே, பூஜ்ய வட்டி என்பதொன்று உண்மையில் கிடையாதென்று பாங்கிகளுக்கு எழுதிற்று. வட்டி, விலைக்குள்ளோ, கட்டணத்துக்குள்ளோ, ரொக்கத்துக்குக் கிடைத்திருக்க வேண்டிய தள்ளுபடிக்குள்ளோ ஒளிந்துகொண்டிருக்கும். நாமே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 24,000 ரூபாய்ப் போனை இரண்டு வருஷத்துக்கு ஒரு தரம் மாற்றுகிற தோழருக்கு மாதம் 1,000 ரூபாய் செலவு. அதே போனை மூன்றாம் வருஷத்தில் 2,000 ரூபாய்க்குப் பாட்டரி மாற்றி நான்கு வருஷம் ஓட்டினால் மாதம் சுமார் 542 ரூபாய். நான்கு வருஷத்தில் மிச்சம் 22,000 ரூபாய். மாதம் பதினெட்டாயிரம், இருபதாயிரம் சம்பளம் வாங்குகிறவனுக்கு இது ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல். “இனிமேல் இந்தப் போன் ஆகாது” என்று ஒரு கடையில் கையை விரித்துவிட்ட போனை, நேரே மவுண்ட் ரோட்டில் போய் ரிச்சி தெருவில் பாட்டரி மாற்றி இன்றும் வைத்துக் கொண்டிருக்கும் தோழர் ஒருவர் தொழிற்பேட்டையிலேயே நமக்குத் தெரிந்தவராக இருக்கிறார். அந்த மிச்சத்தில் அவர் மகளுக்குத் தையல் மிஷின் வாங்கினார். தள்ளுபடியில் கிடைக்காத லாபம் இதுவல்லவா?

அப்படியானால் போனை எப்பொழுதுதான் மாற்றுவது? எந்த நாளில் வாங்கலாம் என்று கேட்காதீர்கள். நான்கு கேள்விகள் கேட்டுக் கொள்ளுங்கள்.

முதலாவது, கம்பெனி பாதுகாப்பு அப்டேட் அனுப்புவதை நிறுத்தி விட்டதா? போனிலேயே கடைசி அப்டேட் தேதி இருக்கும். அது நின்றுபோய் வெகு நாளாகியிருந்தால், பாங்கிப் பணம் அதில் நடக்கிறபடியால் மாற்றுவதுதான் புத்திசாலித்தனம். இதில் சிக்கனம் பார்ப்பது திருடனுக்குக் கதவு திறந்து வைப்பதாகும். இரண்டாவது, பாட்டரி மாத்திரம்தான் தேய்ந்ததா? பாட்டரி என்பது செருப்பைப் போல் தேயத்தான் தேயும். சில நூறு தடவை முழுக்க ஏறி இறங்கினால் அதன் பலம் குறைவது ரசாயன விதி. அதற்குப் பாட்டரியை மாற்ற வேண்டுமே யொழிய, செருப்புத் தேய்ந்ததற்காகக் காலை வெட்டுவாருண்டோ? மூன்றாவது, பழுது பார்க்கும் செலவு எவ்வளவு? அதே வேலையைச் செய்யக்கூடிய போனின் விலையில் பாதிக்கு மேல் போனால் விட்டுவிடலாம். நான்காவது, நம்முடைய வேலைக்கு அவசியமான ஒன்று இந்தப் போனில் நடக்கவில்லையா? உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் தோழருக்கு வழி காட்டும் படம் திக்கித் திக்கி வந்தால் அவருக்குப் புதுப் போன் அவசியம்; நாம் தடுக்க மாட்டோம். பக்கத்து மேஜைக்காரன் மாற்றினான் என்பது இந்த நான்கில் எதிலும் சேராது.

மாற்றத்தான் வேண்டுமென்று முடிவு செய்தால், எத்தனை வருஷம் அப்டேட் கொடுப்பான் என்பதை முதலில் கேளுங்கள். 2023 அக்டோபரில் கூகுளும், 2024 ஜனவரியில் சாம்சங்கும் தங்கள் உயர்ந்த போன்கள் சிலவற்றுக்கு 7 வருஷம் என்று வாக்குக் கொடுத்தார்கள். காமிராவின் எண்ணிக்கையை விட இந்த எண்ணிக்கை முக்கியம். படங்களையும், பேச்சுக்களையும், நம்பர்களையும் புதுப் போனில் வந்து சேர்ந்ததா என்று கண்ணால் பார்த்த பிறகே பழையதை அழியுங்கள், பாங்கி, யு.பி.ஐ. ஆகியவற்றைப் புதிதாகப் பதிவு செய்து முடிக்கும் வரையில் பழைய போனைக் கை விடாதீர்கள். விற்பதானால் உங்கள் கணக்கிலிருந்து வெளியேறி முழுவதும் துடைத்து விற்பனை செய்யுங்கள். உழைக்கக்கூடிய போனை மேஜை அறையில் போட்டு மக்க வைக்காமல் படிக்கும் பிள்ளைக்கோ வயதான தாயாருக்கோ கொடுங்கள். 2022ஆம் வருஷத்தில் மாத்திரம் உலகத்தில் 6 கோடியே 20 லட்சம் டன் மின்சாமான் குப்பை சேர்ந்தது. அதில் கால் பங்குகூட முறையாகச் சேகரிக்கப்படவில்லை.

சர்க்காரும் சும்மா இருக்கக் கூடாது. பழுது பார்க்கும் உரிமைக்கென்று இந்திய சர்க்கார் 2022 ஜூலையில் ஒரு கமிட்டி போட்டு, டிசம்பரில் கம்பெனிகளின் விவரங்களைச் சேர்த்து ஒரு தளமும் ஏற்படுத்திற்று. விவரம் சொன்னால் மாத்திரம் போதுமா? ஐரோப்பாவில் 2025 ஜூன் 20 முதல், ஒரு மாடலின் விற்பனை நின்ற பிறகும் 5 வருஷம் அப்டேட்டும் 7 வருஷம் உதிரி பாகங்களும் கொடுத்தாக வேண்டுமென்று கட்டாயம் செய்திருக்கிறார்கள். ஐரோப்பியனுக்குக் கொடுக்கிற பாகத்தை, அந்தப் போனைப் பூட்டிக் கொடுக்கும் ஸ்ரீபெரும்புதூர்க்காரனுக்குக் கொடுக்க மாட்டேன் என்று சொல்ல எவனுக்கு என்ன யோக்கியதை உண்டு?

ஆகவே தோழர்களே! நாம் சொல்லுகின்றோம் என்பதற்காகப் பழைய போனை வைத்துக் கொள்ளவும் வேண்டாம். கம்பெனிக்காரன் சொல்லுகிறான் என்பதற்காக அதை வீசியெறியவும் வேண்டாம். எந்த மார்க்கு, எந்த மாதம், எவ்வளவு கடன் என்கிற மூன்றையும் உங்கள் தேவையையும் உங்கள் பணப்பையையும் வைத்து நீங்களே தீர்மானியுங்கள். அடுத்த உற்சவத்துக்குக் கொட்டு முழங்கும்போது, கையிலுள்ள போனை ஒரு தடவை திருப்பிப் பார்த்து, “இதற்கு என்ன குறை?” என்று கேளுங்கள். குறை இருந்தால் மாற்றுங்கள். இல்லாவிட்டால் அந்தப் பணத்துக்கு வேறு நல்ல வேலை இருக்கிறது.